இனம் கடந்து மணந்தவர்கள் அமெரிக்கச் சிற்றூருக்குக் குடிபோகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென் இந்தியானாவில் நாங்கள் குடியேறிய ஊரின் மளிகைக் கடையில் முதல் வாரமே ஒன்று நடந்தது. என் கணவர் வெள்ளையர், நான் தூத்துக்குடிக்காரி. வாங்கிய சாமான்களை இருவரும் சேர்ந்துதான் கல்லாவுக்கு முன்னால் ஓடும் பட்டையின் மேல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். அவர் வைத்த பால் கேனுக்கும் நான் வைத்த வெங்காயப் பைக்கும் நடுவில், ஒருவர் சாமானை அடுத்தவர் சாமானிலிருந்து பிரிக்கும் கட்டையைக் கல்லாவில் இருந்த பெண் எடுத்து வைத்தார். அவர் முகத்தில் பகை எதுவும் இல்லை; நாங்கள் ஒரே குடும்பமாக இருக்கக்கூடும் என்பது அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். என் கணவர் அதைக் கவனிக்கவே இல்லை. காரில் ஏறியதும் நான் சொன்னபோது, "தெரியாமல் வைத்திருப்பாள்" என்றார். அன்று இரவு வெகுநேரம் சண்டை போட்டோம். ஒரே கடையில் ஒரே நேரத்தில் நின்றும், நாங்கள் இருவரும் வெவ்வேறு ஊர்களில் நின்றிருந்தோம் என்பது எனக்கு விளங்க ஓர் ஆண்டு ஆயிற்று. இத்தகைய தம்பதியர் சிற்றூர்களில் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, அந்த இரண்டு ஊர்களில் ஒன்று மட்டுமே உண்மை என்று நம்புவதிலிருந்துதான் பிறக்கின்றன.

நம்மவர்களில் பலர் வேலையின் பொருட்டே இத்தகைய ஊர்களுக்குப் போகிறார்கள். ஜே-1 விசாவில் பயிற்சி முடித்த வெளிநாட்டு மருத்துவர், 2 ஆண்டுகள் தாய்நாட்டுக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்குப் பெறுவதற்கு, மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதி ஒன்றில் 3 ஆண்டுகள் பணியாற்ற ஒப்புக்கொள்ளலாம். கான்ராட் 30 எனப்படும் இத்திட்டத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு 30 இடங்கள் உண்டு. அமெரிக்கக் குடிமகனை மணந்திருந்தாலும் அந்த நிபந்தனை தானாக நீங்கிவிடாது. நானும் இந்த வழியில் வந்தவள்தான். ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குறைவாக இருப்பவர்களுக்கு, முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை இன்னும் அதிகம்.

நாடு முழுமைக்குமான கணக்கை ஊரின் கணக்காக எடுத்துக்கொள்வது முதல் தவறு. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் மணந்துகொள்வதை ஏற்பதாக கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனத்திடம் 1958-இல் சொன்ன அமெரிக்கர்கள் 4 விழுக்காடு. 2021-இல் அது 94 விழுக்காடு. மகிழ்ச்சி தரும் எண்தான். ஆனால் ஒரு நிறுவனத்தின் கேள்விக்குத் தொலைபேசியில் சொல்லும் பதில் வேறு, வாக்குச்சாவடியின் மறைவில் போடும் வாக்கு வேறு. நடைமுறையில் எப்போதோ செல்லாமற்போயிருந்த கலப்பு மணத் தடையை அலபாமா தன் அரசியல் சட்டத்திலிருந்து நீக்கலாமா என்று 2000-ஆம் ஆண்டு மக்களிடம் கேட்டபோது, ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் நீக்க வேண்டாம் என்றே வாக்களித்தார்கள். அப்படி வாக்களித்தவர்களில் பலர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். யாரோ ஒருவரின் அண்டை வீட்டுக்காரர்களாக இருக்கிறார்கள். 2015-இல் புதிதாக மணந்தவர்களில் இனம் கடந்து மணந்தவர்கள் பெருநகரப் பகுதிகளில் 18 விழுக்காடு என்றும், அவற்றுக்கு வெளியே 11 விழுக்காடு என்றும் பியூ ஆய்வு மையம் கணக்கிட்டது. 10,000 பேருக்கும் குறைவான ஊரில் இதன் பொருள் எளியது: உங்களைப் போன்ற இன்னொரு தம்பதியை நீங்கள் பார்க்காமலே ஆண்டுகள் போகலாம்.

இனவெறி தெற்கின் நோய் என்று எண்ணி, வடக்கிலோ மேற்கிலோ உள்ள ஊர் என்றதும் நிம்மதி அடைவதும் இதைச் சேர்ந்த தவறே. நான் வாழும் இந்தியானா வடக்கு மாநிலம். கறுப்பினத்தவர் எவரும் இம்மாநிலத்துக்குள் வந்து குடியேறக் கூடாது என்று 1851-இல் தன் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்த மாநிலமும் இதுதான். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் மணப்பதைத் தடுத்த சட்டம் இங்கே 1965 வரை இருந்தது. ஓரிகான் அரசியல் சட்டத்திலும் அத்தகைய குடியேற்றத் தடை 1926 வரை நீடித்தது. பொழுது சாய்ந்த பிறகு கறுப்பினத்தவர் ஊருக்குள் இருக்கக் கூடாது என்ற எழுதாத விதியோடு வாழ்ந்த ஊர்கள் இல்லினாயிலும் இந்தியானாவிலும் ஏராளம். தூத்துக்குடியில் என் சித்தப்பா, "வெள்ளைக்காரன் ஊருதான, பயமில்லாம இருக்கலாம்லா" என்று கேட்டபோது, ஒரு ஊர் முழுக்க வெள்ளையராக இருப்பது பல இடங்களில் தற்செயலாக நேர்ந்தது அன்று என்பதை அவருக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல் நின்றேன். போகும் முன் அந்தக் கவுண்டியின், அதாவது நம் மாவட்டம் போன்ற பகுதியின், வரலாற்றை நூலகத்தில் ஒரு மாலை உட்கார்ந்து படிப்பது வீண் வேலையன்று.

வீடு தேடும் கட்டத்தில் நடக்கும் தவறுகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். "எங்களைப் போன்றவர்களுக்கு இந்தப் பகுதி சரிப்படுமா?" என்று ரியல் எஸ்டேட் ஏஜென்டிடம் கேட்டு, அவர் மழுப்பியதும் ஏதோ மறைக்கிறார் என்று பலர் கலங்கிவிடுகிறார்கள். 1968-இன் நியாயமான வீட்டுவசதிச் சட்டம், வாங்க வருபவரை இனம் பார்த்து ஒரு பகுதியை நோக்கித் திருப்பிவிடுவதைத் தடைசெய்கிறது. ஆகவே நேர்மையான ஏஜென்டும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார். உங்கள் மேல் அக்கறை காட்டுவதுபோல் "அந்தப் பக்கம் உங்களுக்கு வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், ஐயப்பட வேண்டியது அவரைத்தான். ஊரைப் பற்றிக் கேட்க வேண்டியது அங்கே ஏற்கனவே வாழும் வெள்ளையரல்லாத செவிலியரிடமும் ஆசிரியரிடமும் மோட்டல் நடத்தும் குஜராத்திக் குடும்பத்திடமும்தான். எனக்கு உண்மையைச் சொன்னவர் அத்தகைய ஒரு மோட்டல்காரப் பெண்மணிதான்: எந்த டைனரில் உட்காரலாம், எந்தச் சாலையில் இரவில் தனியாகக் கார் ஓட்ட வேண்டாம் என்பதை ஒரு காகிதத்தில் வரைந்தே காட்டினார்.

வெள்ளையரான துணையை மட்டும் அனுப்பி வீடு பார்ப்பது, தொலைபேசியில் அவரையே பேசவிடுவது என்பவை சாமர்த்தியம்போலத் தோன்றும். வீடு கிடைக்கவும் கிடைக்கும். ஆனால் உங்களைப் பார்த்தால் வீட்டுக்காரர் முகம் எப்படி மாறும் என்பதைச் சாவி வாங்கும் நாளில் தெரிந்துகொள்வதைவிட, முன்பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. இருவரும் சேர்ந்து போங்கள். பகலில் ஒரு முறை, ஊரே கூடும் வெள்ளிக்கிழமை இரவுப் பள்ளி அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தன்று ஒரு முறை. வீட்டுக்கு விலை மதிப்பீடு கேட்கும் கட்டத்திலோ நிலைமை வேறு. புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் கறுப்பினப் பெண்ணும் அவருடைய வெள்ளைக் கணவரும் 2020-இல் தங்கள் வீட்டுக்கு மதிப்பீடு கேட்டபோது 3,30,000 டாலர் என்று வந்தது. குடும்பப் படங்களை எடுத்துவிட்டு, மனைவியும் மகனும் வெளியே போய், கணவர் மட்டும் இருந்து செய்த மறுமதிப்பீட்டில் அதே வீடு 4,65,000 டாலர் ஆயிற்று. இப்படி ஒன்று நேர்ந்தால், கூட்டாட்சி வீட்டுவசதித் துறையிடம் புகார் கொடுக்க ஓர் ஆண்டுதான் கால அவகாசம். மனம் நொந்து ஒதுங்கியிருக்கும் மாதங்களில் அந்த அவகாசம் தீர்ந்துவிடும் என்பதால், தேதி, நேரம், சொன்ன சொல் மூன்றையும் அன்றே எழுதிவையுங்கள்.

பணியிடத்து மரியாதையை ஊரின் மரியாதை என்று எண்ணுவது மருத்துவர்களுக்கே உரிய தவறு. வெள்ளைக் கோட்டு அணிந்திருக்கும்போது என் கையைப் பிடித்து நன்றி சொன்ன ஒருவர், ஞாயிற்றுக்கிழமை ஜீன்ஸில் என்னைப் பார்த்தபோது அடையாளம் தெரியாமல், என் கணவரிடம் மட்டும் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனாலும் அந்த மரியாதை கோட்டுக்கு உரியது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

அண்டை வீட்டார் நல்லவர்கள் என்பதோடு கணக்கை முடித்துவிடுவதும் ஆபத்தானது. கறுப்பினத்தவரும் பூர்வகுடியினரும் வெள்ளையரும் நெடுங்காலம் நெருங்கிப் பழகிய விர்ஜீனியாவின் சென்ட்ரல் பாயின்ட் என்ற சிற்றூரில்தான் வெள்ளையரான ரிச்சர்ட் லவிங்கும் அவர் மணந்த, வெள்ளையரல்லாத மில்ட்ரெட்டும் வாழ்ந்தார்கள். அவர்கள் மணந்தது அம்மாநிலச் சட்டப்படி குற்றம். 1958 ஜூலையில் நள்ளிரவுக்கு மேல் அவர்களுடைய படுக்கையறைக்குள் டார்ச் விளக்கோடு நுழைந்தவர், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் காவல் தலைவரான கவுண்டி ஷெரிஃப். 25 ஆண்டுகள் இருவரும் சேர்ந்து மாநிலத்துக்குள் வராமல் இருந்தால் சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்படும் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். 1967 ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் தள்ளி, அத்தகைய சட்டங்களையே செல்லாதவையாக்கியது. இன்று அந்தச் சட்டம் இல்லை. ஆனால் தெருவின் மனம் ஒன்று, அதிகாரத்தின் மனம் வேறொன்று என்ற நிலை இருக்கிறது. ஷெரிஃப் தேர்தலில் நிற்பவர் என்ன பேசுகிறார், பள்ளி வாரியக் கூட்டங்களில் எதைப் பற்றிச் சண்டை நடக்கிறது என்பவற்றை உள்ளூர்ச் செய்தித்தாளில் ஓராண்டுக்குப் பின்னோக்கிப் படித்துவிடுங்கள்.

இனி வீட்டுக்குள் வருவோம். உணவகத்தில் "தனித்தனி பில்லா?" என்று கேட்கிறார்கள், குழந்தையோடு பூங்காவுக்குப் போனால் ஆயாவா என்று கேட்கிறார்கள், ஒவ்வொரு முறையும் ஒருவருக்கு அது வலி, மற்றவருக்கு அது சிறு பிழை. "அவர்கள் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை" என்று வெள்ளையரான துணை சமாதானம் சொல்வது, அன்பினால் சொன்னாலும், அடிபட்டவரையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவதாகிவிடுகிறது. மறுபுறம், ஊரார் செய்வதற்கெல்லாம் துணையைக் குற்றவாளியாக்கி நான் பேசிய நாள்களும் உண்டு, அதுவும் தவறுதான். நாங்கள் பட்டுத் தேறிய ஏற்பாடு இது: நடந்தது என்ன என்பதை அன்று நான் சொல்வேன், அவர் கேட்பார், அதற்கு என்ன பொருள் என்ற வாதம் மறுநாளைக்கு. அவர் பக்கத்து மனிதர்களிடம் பேச வேண்டியதை அவரே பேச வேண்டும். என்னை அனுப்பக் கூடாது.

துணை கறுப்பினத்தவராக இருந்தால் சுமை இன்னும் கூடுகிறது. இருண்ட சாலையில் காவலர் காரை நிறுத்தினால் நம்மவர் அடையும் பதற்றமும் கறுப்பினத் துணை அடையும் அச்சமும் ஒன்றல்ல. "நாங்களும் பழுப்பு நிறம்தானே" என்று இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது அவரைத் தனிமைப்படுத்தும். மனம் சோர்ந்தால் இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள தமிழ்ச் சங்கத்துக்குப் போகலாம் என்று எண்ணுபவர்கள், அங்கே தங்கள் துணையை எப்படிப் பார்ப்பார்கள் என்பதையும் எண்ண வேண்டும். "பெண் என்ன நிறம்?" என்று கேட்டுப் பெண் பார்க்கும் வழக்கத்தை விமானத்தில் ஏற்றிக்கொண்டுதான் நாம் வந்திருக்கிறோம். வெள்ளை மருமகனைப் பொங்கல் விழா மேடையில் ஏற்றி வேட்டி கட்டிவிட்டுப் படம் எடுப்பதையும், கறுப்பின மருமகன் அருகே இருந்த நாற்காலிகள் காலியாகவே கிடந்ததையும் ஒரே மண்டபத்தில் பார்த்தவள் நான். சிற்றூரைக் குற்றம் சொல்லும் முன், சொந்தக்காரர்களிடம் பேச வேண்டியதைப் பேசிவிடுங்கள்.

கடைசியாக, போனதுமே வீடு வாங்கிவிடாதீர்கள். ஓராண்டாவது வாடகைக்கு இருங்கள். கிளம்பிவிடுவதைத் தோல்வி என்று எண்ணி, வெளியேறும் வழியை அடைத்துக்கொண்டு வாழ்வது இருவரையும் கசக்கிவிடும். என் 3 ஆண்டுகள் எப்போதோ முடிந்துவிட்டன. நாங்கள் இன்னும் இங்கேதான், வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் இருவரும் உட்கார்ந்து பேசுவோம். ஒருவர் போதும் என்றால் மற்றவர் வாதாடாமல் கிளம்புவது என்பது எங்களுக்குள் உள்ள பேச்சு. சென்ற ஜூனில் நான் யோசிக்க ஒரு வாரம் கேட்டேன். அவர் காரணம் கேட்கவில்லை. அட்டைப் பெட்டிகள் எத்தனை வேண்டியிருக்கும் என்று மட்டும் கேட்டார்.