"மிச்ச ரூம் எங்கே?": நாள் வாடகை வீட்டைப் படம் எடுக்கும்போது செய்யக் கூடாதவை

போன வாரம் திருவான்மியூரில் ஃபிளாட் வைத்திருக்கும் தம்பி ஒருவன் வாட்ஸ்அப்பில் 16 படம் அனுப்பினான். அப்பா அம்மா இருந்த வீட்டை இப்போது நாள் வாடகைக்கு விடப் போகிறான். "அண்ணா, எப்படி வந்திருக்கு? நைட்டே லிஸ்டிங் போட்டுரலாம்னு இருக்கேன்." முதல் படத்திலேயே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஹால் கல்யாண மண்டபம் மாதிரி நீண்டு கிடந்தது. அந்த ஹாலில் உட்கார்ந்து நான் காபி குடித்திருக்கிறேன். சோபாவில் உட்கார்ந்தால் டிவி ஸ்டாண்டில் முட்டி இடிக்கும்.

பெருக்கிவிட்டு எடுங்கள், லென்ஸைத் துடையுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. நான் காசு தொலைத்துக் கற்றுக்கொண்டவை மட்டும் இங்கே.

பாயிண்ட் ஃபைவ்

போன் கேமராவில் 1-க்குப் பக்கத்தில் 0.5 என்று ஒன்று இருக்கும். என் முதல் வீடு பெசன்ட் நகரில், இரண்டாவது மாடி, ஒரே பெட்ரூம், 10-க்கு 11 அடி. வாசலில் நின்று எடுத்தால் கட்டில் பாதிதான் விழுந்தது. 0.5-ஐத் தட்டினேன். கட்டில், பீரோ, ஜன்னல், பால்கனிக் கதவு எல்லாமே உள்ளே வந்துவிட்டன. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நிஜத்தில் ஒன்றரை அடிதான். படத்தில் அங்கே தாராளமாகப் பாய் விரிக்கலாம் போல இருந்தது. பெருமையாக அதையே முதல் படமாக வைத்தேன்.

மார்கழிக் கச்சேரிகளுக்காக மதுரையிலிருந்து ஒரு குடும்பம் ஆறு நாளுக்கு எடுத்தது. நான்கு பேர். இரண்டு பேர் கட்டிலில், இரண்டு பேர் கீழே பாயில் என்று என் படத்தைப் பார்த்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள். விடிகாலை ரயிலில் வந்து இறங்கி, மூட்டை முடிச்சோடு மாடியேறினார்கள். கூட வந்த பெரியம்மா அறை வாசலில் நின்று உள்ளே பார்த்தார். கையிலிருந்த போனைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

"ஏன் தம்பி, மிச்ச ரூம் எங்கே?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். சீசனில் ஆறு ராத்திரி வீடு சும்மா கிடந்தது. அதைவிட, "படத்தில் பார்த்த வீடு வேறு" என்று அவர்கள் போட்டுவிட்டுப் போன விமர்சனம் மாதக்கணக்கில் என்னை விரட்டியது. விசாரிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். இவ்வளவையும் சொன்னால், புதிதாக வருகிறவர்கள் "எல்லாரும் அப்படித்தானே எடுக்கிறாங்க" என்கிறார்கள். அதுதான் எரிச்சல்.

0.5 லென்ஸ் சுமார் 120 டிகிரி அகலத்தை வாரிக்கொள்ளும். சாதாரண 1 லென்ஸுக்கு 80 டிகிரி பக்கம் வரும். அவ்வளவு அகலத்தை ஒரே சட்டத்தில் திணிக்கும்போது கிட்டே இருப்பது வீங்கும், எதிர்ச்சுவர் எங்கோ தள்ளிப் போகும், ஓரத்தில் இருப்பதெல்லாம் இழுபடும். உங்கள் படத்தின் ஓரத்தில் சுவர்க் கடிகாரம் இருந்தால் பாருங்கள், முட்டை மாதிரி ஆகியிருக்கும். பத்து வீடு பார்த்துப் பழகிய விருந்தினர் அந்த முட்டையைப் பார்த்ததுமே அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

1-லேயே எடுங்கள். மூலையில் முதுகு சுவரில் படும்படி நில்லுங்கள், போதாவிட்டால் கதவைத் திறந்து வெளியே வந்து நின்று எடுங்கள். போனைப் படுக்கவைத்து நெஞ்சுயரத்தில், ஏறக்குறைய நாலு அடியில் பிடியுங்கள். கண்ணுயரத்தில் பிடித்துக் கீழே சாய்த்தால் பீரோவும் கதவு நிலையும் விழப்போவது போல நிற்கும். திரையில் கட்டக் கோடுகளை வரவழைத்து, நிலைக்கதவின் விளிம்பை அதோடு ஒட்டிப் பாருங்கள். அறை முழுக்க வரவில்லையா, வர வேண்டாம். இரண்டு சுவரும் கட்டிலும் போதும். எதிர் மூலையிலிருந்து இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். படத்துக்குக் கீழே "10-க்கு 11 அடி, கட்டிலில் இருவர்" என்று எழுதிவிடுங்கள்.

பாத்ரூமுக்கு மட்டும் 0.5-ஐ மன்னித்துவிடுகிறேன். அங்கே யாரும் பாய் விரிக்கப் போவதில்லை.

தம்பி ஹாலைத் திரும்ப எடுத்து அனுப்பினான். "அண்ணா, சின்னதா தெரியுதே." "சின்னதுதானேடா" என்றேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

மூன்று நிற வெளிச்சம்

டியூப்லைட் வெள்ளை, கட்டில் பக்கத்து விளக்கு மஞ்சள், ஜன்னல் வெயில் வேறொரு நிறம். மூன்றும் சேர்ந்தால் வெள்ளை விரிப்பு பாதி நீலமாகவும் பாதி மஞ்சளாகவும் வரும், துவைக்காதது போல. பகலில் எல்லா விளக்கையும் அணைத்து, திரையை விலக்கி எடுங்கள். சில எல்இடி விளக்குகளில் படம் முழுக்க வரிவரியாகப் பட்டை விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கேமராவுக்குத் தெரியும்.

கடல் பார்த்த பால்கனி இருந்தால் இன்னொரு கணக்கு. நமக்குக் கடல் கிழக்கே. காலையில் எடுத்தால் சூரியனை நோக்கி எடுப்பீர்கள், கடல் வெளிறிப்போகும். மூன்று மணிக்கு மேல் வெயில் முதுகுப் பக்கம் வந்துவிடும், கடல் நீலமாக விழும். அந்த நேரத்தில் கிழக்குப் பார்த்த அறை இருட்டத் தொடங்கிவிடும் என்பதால் அறையைக் காலை ஒன்பது, பத்து மணிக்கே எடுத்துவிடுங்கள். ஆமாம், இரண்டு தடவை போக வேண்டும்.

ஃபேன்

ஓடட்டும். நிறுத்தினால் இறக்கையின் விளிம்பில் கறுப்புக் கோடாகப் படிந்த தூசி தெரியும். துடைத்தாயிற்று என்பீர்கள். மேல்பக்கம் துடைத்திருப்பீர்கள்.

கடன் வாங்கிய கடல்

பெசன்ட் நகர் கடற்கரையான எலியட்ஸ் பீச்சில் நிற்கும் ஷ்மிட் நினைவு மண்டபத்தை இரண்டாவது படமாக வைத்துவிட்டு, வீடு உள்ளே இருபத்தைந்து நிமிட நடையில் இருந்தால் வருகிறவர் வெயிலில் நடந்துகொண்டே உங்களை நினைத்துக்கொள்வார். கடைசிப் படமாக வையுங்கள். எத்தனை நிமிட நடை என்பதையும் போடுங்கள்.

ஃபில்டர்

வேண்டாம்.

மாடிப்படி

லிஃப்ட் இல்லையென்றால் படிக்கட்டையும் எடுத்துப் போடுங்கள். யாரும் போடுவதில்லை, நானும் வெகுநாள் போடவில்லை. அந்தப் பெரியம்மா அன்றைக்கு 36 படி ஏறித்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.