இடுப்பு மூட்டு மாற்று: கத்தி வைக்கும் முன்பே நடந்துவிடும் தவறு

போன வாரம் ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்தபோது, மேற்படிப்பு மாணவர்கள் நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, துணி போர்த்தித் தயாராக நின்றார்கள். போர்த்திய துணியோடு இடுப்பைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தேன். முன்பக்கம் உருண்டது. எல்லாவற்றையும் பிரிக்கச் சொன்னேன். முகங்கள் வாடின. ஒரு காலத்தில் நானும் அப்படி நின்றவன்தான். ஆன்டிபயாடிக்கை மறக்காதே, பக்கம் மாறாதே என்பதையெல்லாம் செக்லிஸ்ட் பார்த்துக்கொள்ளும். அவற்றை விட்டுவிட்டு, இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் நடக்கும் வேறு தவறுகளைச் சொல்கிறேன்.

படுக்கவைக்கும் வேலையை அடுத்தவரிடம் விடுவது

இடுப்பின் பின்பக்கமாகத் திறந்து மூட்டுக்குப் போகும்போது தொடை எலும்பை முன்னால் ஒதுக்க ரிட்ராக்டரை (விலக்கிப் பிடிக்கும் கருவி) இழுக்கிறோம். நோயாளி உருளாமல் முன்னும் பின்னும் முட்டுக்கொடுக்கும் சப்போர்ட் தளர்ந்திருந்தால் இடுப்பெலும்பும் கூடவே உருளும். துணிக்கடியில் அது தெரியாது. 15 டிகிரி உருண்டுவிட்டது என்று வையுங்கள். மேசையைப் பார்த்து 15 டிகிரி முன்னோக்கித் திருப்பியதாக நாம் நம்பும் கப் (குழியில் பொருத்தும் செயற்கைக் கிண்ணம்), இடுப்பெலும்பின் கணக்கில் திருப்பமே இல்லாமல் நிற்கும். உட்கார்ந்து குனிந்தால் மூட்டு பின்னால் நழுவும். லெவின்னெக் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1978-இல் சொன்ன வரம்பு, கப்பின் சாய்வு 40 டிகிரி, முன்திருப்பம் 15 டிகிரி, இரண்டிலும் 10 டிகிரி கூடக்குறைய. அவர்கள் கணக்கில் வரம்புக்குள் இருந்தவற்றில் நழுவியவை 1.5 சதவீதம், வெளியே இருந்தவற்றில் 6.1. வரம்புக்குள் இருந்தும் நழுவுவது உண்டு. அதைச் சொல்லிக்கொண்டு அளவையே விட்டுவிடக் கூடாது.

நான் தனியாகச் செய்யத் தொடங்கிய புதிதில் ஓர் அம்மா. மூன்றாவது வாரம் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, உருண்ட வெங்காயத்தை எடுக்கக் குனிந்திருக்கிறார். கால் குட்டையாகி, உள்பக்கம் திரும்பி வந்து சேர்ந்தார். “நீங்க சொன்னத கேக்காம குனிஞ்சிட்டேன் டாக்டர், என் தப்புதான்” என்று அழுதார். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கப் முன்திருப்பம் இல்லாமல் நேராக நின்றது. அவர் தப்பு ஒன்றுமில்லை. அன்று அவரைப் படுக்கவைத்தபோது நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டு முறை மயக்கம் கொடுத்து மூட்டை உள்ளே தள்ளினோம். கடைசியில் கப்பையே மாற்றவேண்டி வந்தது.

முன் சப்போர்ட் வயிற்றில் அழுந்தக் கூடாது, இடுப்பின் முன் நடுவிலுள்ள பியூபிஸ் எலும்பில் நிற்கவேண்டும். பின்னது முதுகெலும்பின் அடியிலுள்ள சாக்ரத்தில். இடுப்பின் இரண்டு முன்முனைகளும் மேசைக்குச் செங்குத்தாக, ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கவேண்டும். பிறகு பலமாகத் தள்ளிப் பாருங்கள். உள்ளே போனதும் குழியின் அடி விளிம்பில் குறுக்கே ஓடும் டிரான்ஸ்வர்ஸ் லிகமென்ட்டைத் தேடி, கப்பின் விளிம்பை அதற்கு இணையாக வையுங்கள். இடுப்பு உருண்டால் அதுவும் கூடவே உருளும், மேசை உருளாது.

நழுவும் பயத்தில் காலை நீட்டுவது

கப்பின் கோணத்தைச் சரிசெய்யாமல் நீளமான ஹெட் (தொடை எலும்புப் பக்கம் பொருத்தும் செயற்கைப் பந்து) போட்டு இறுக்குகிறார்கள். நோயாளி ஒரு செருப்பில் அட்டை வைத்து நடக்கிறார்.

மூட்டு உறையையும் பின்தசைகளையும் தைக்காமல் மூடுவது

தையுங்கள்.

ரத்த உறைவுத் தடுப்பு மருந்தை டிஸ்சார்ஜோடு நிறுத்துவது

35 நாள் வரை தேவைப்படலாம். எந்தத் தேதி வரை என்று சீட்டில் எழுதுங்கள்.

வீட்டைப் பற்றிக் கேட்காமல் அனுப்புவது

“குந்தி உட்காராதீங்க” என்று டிஸ்சார்ஜ் அன்று சொல்கிறோம். வீட்டில் இருப்பதோ தரையோடு பதித்த கழிப்பறை. அந்த அம்மாவுக்குப் பிறகு, அறுவைக்குத் தேதி கொடுக்கும் முன்பே கேட்கிறேன்: கழிப்பறை எப்படி, எதில் உட்கார்ந்து சமைப்பீர்கள், கட்டில் எவ்வளவு உயரம்? கூட வந்த பிள்ளையிடம் முழங்காலுக்கு மேலே உயரமுள்ள நாற்காலியும், நடுவில் ஓட்டை போட்ட கமோடு நாற்காலியும் வாங்கிவைக்கச் சொல்கிறேன். வாங்கியாயிற்று என்ற பிறகுதான் தேதி.