ஸ்பெயினுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? முதலில் இந்தச் சொற்களைப் படியுங்கள்

செல்பேசிச் செயலியில் ஆறு மாதம் ஸ்பானிய மொழி படித்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். முதல் படிவத்திலேயே கை நின்றுவிட்டது. நோம்ப்ரே என்றால் பெயர், சரி. அதற்குக் கீழே முதல் அபெயீதோ, இரண்டாம் அபெயீதோ என்று இரண்டு கட்டங்கள்.

அபெயீதோ என்றால் குடும்பப் பெயர். இங்குள்ளவர்களுக்கு அது இரண்டு. அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. கல்யாணமானாலும் பெண்கள் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. அதனால் ஒரே வீட்டில் அப்பா, அம்மா, பிள்ளை மூவருக்கும் அபெயீதோ வேறு வேறாக இருக்கும். யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். நம் இனிஷியலுக்குத்தான் அந்தக் கட்டங்களில் இடமில்லை. பாஸ்போர்ட்டில் இருப்பதை ஓர் எழுத்தும் மாறாமல் எல்லாத் தாளிலும் எழுதுங்கள். ஓரிடத்தில் அப்பா பெயர் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால் என்று விட்டுவிட்டால், பிறகு திருத்துவதற்கு அலைய வேண்டியிருக்கும்.

அடுத்த சொல் பத்ரோன். நகராட்சியில் உங்கள் முகவரியைப் பதியும் ஏடு அது. பாஸ்போர்ட்டும் வாடகை ஒப்பந்தமும் கொண்டு போங்கள். பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை, மருத்துவ அட்டை எல்லாவற்றுக்கும் அந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். நிரந்தர வதிவுரிமை இல்லாத நம்மைப் போன்றவர்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். மறந்துவிடாதீர்கள். பல அலுவலகங்களுக்கு முன்பதிவு இல்லாமல் போனால் உள்ளே விடமாட்டார்கள். அதன் பெயர் சீத்தா பிரேவியா.

மருத்துவமும் பள்ளியும் 17 தன்னாட்சி மாநிலங்களின் கையில் இருக்கின்றன. மத்ரித்தில் இருக்கும் நண்பர் சொன்ன வழி பார்சலோனாவில் அப்படியே செல்லாது. அங்கே அரசுப் பள்ளியில் பாடம் பெரும்பாலும் கத்தலான் மொழியில் நடக்கும். அந்த மொழியைத் தங்கள் உயிராக நினைப்பவர்கள் அவர்கள். தாய்மொழி என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித்தர வேண்டாம். இரண்டு சொல்லாவது கற்றுக்கொண்டு பேசுங்கள், முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

குடியுரிமை பற்றி இப்போதே கவலை வேண்டாம். இந்தியர்களுக்கும் இலங்கையருக்கும் பொதுவாக 10 ஆண்டு ஆகும். அப்போது எழுதும் அரசியல், சமூகத் தேர்வில் 25 கேள்விகள், 15 சரியாக இருந்தால் போதும்.

அப்புறம், சந்தையில் மீன் கடைக்குப் போனால் வரிசை என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆட்கள் அங்கங்கே நிற்பார்கள். போனதும் "எல் ஊல்திமோ?" என்று கேளுங்கள். கடைசி ஆள் யார் என்று அர்த்தம். ஒரு பாட்டி கையைத் தூக்குவார். அவருக்கு அடுத்து நீங்கள். இன்னொருவர் வந்து அதையே கேட்கும்போது "யோ", அதாவது நான், என்று சொல்லிக் கையைத் தூக்குங்கள்.