ஏஐ போட்ட பாதையில் கப்பலை விடுமுன்

புறப்படும் துறைமுகம், சேரும் துறைமுகம், டிராஃப்ட் (கப்பல் நீரில் அமிழும் ஆழம்), வேகம் ஆகியவற்றைக் கொடுத்தால் ஏஐ கருவி சில நொடிகளில் பாதை போட்டுத் தருகிறது. பாதை போடும் செகண்ட் ஆபீசருக்கு அரை நாள் வேலை மிச்சம். மிச்சமான நேரத்தில் பாதியையாவது சரிபார்ப்புக்கு ஒதுக்காத கப்பல்களில்தான் கீழே உள்ள தவறுகள் நடக்கின்றன.

பொதுவான சாட்பாட்டிடம் வே பாயின்ட் (பாதையில் குறிக்கும் புள்ளி) கேட்பது முதல் தவறு. அதனிடம் கடல் வரைபடம் இல்லை. படித்த எழுத்துகளிலிருந்து அட்சரேகை, தீர்க்கரேகையை ஊகித்து எழுதும். கலங்கரை விளக்கு எத்தனை நொடிக்கு ஒருமுறை மின்னும் என்பதைக்கூடத் தயங்காமல் தவறாகச் சொல்லும். விதிகளிலும் இதே கதைதான். மத்தியதரைக் கடலில் 2025 மே 1 முதல் எரிபொருளின் கந்தக வரம்பு 0.10 சதவீதம். பழைய தரவில் பயிற்சி பெற்ற மாடல் இன்னமும் 0.50 என்று சொல்லக்கூடும். நேவ்ஏரியா எச்சரிக்கைகளை (கடல் பகுதிவாரியாக வரும் வழிச்செலுத்தல் எச்சரிக்கைகள்) நீங்களே உள்ளிட்டு, பாதைக்குத் தொடர்புள்ளதை மட்டும் பிரித்துத் தரச் சொன்னால் நன்றாக உதவும். அப்போதும் ஆயத்தொலைவுகளை மூலத்தோடு ஒப்பிட வேண்டும்.

பாதையை எக்டிஸுக்கு (கப்பலின் மின்னணு வரைபடக் கருவி) மாற்றும் இடத்தில் சத்தமில்லாமல் நுழையும் பிழை ஒன்று உண்டு. வரைபடத்தில் நாம் படிப்பது பாகையும் கலையும் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு): 13° 05.5′. பாதையை ஏற்றும் ஆர்டிஇசட் கோப்பில் இருப்பது தசமப் பாகை: 13.0917. யாராவது கையால் 13.055 என்று தட்டிவிட்டால் அது 13° 03.3′ ஆகிவிடும், புள்ளி 2.2 கடல் மைல் தள்ளிப் போகும். நடுக்கடலில் இது யார் கண்ணிலும் படாது, கரையோரத்தில் பாறை மேல் கொண்டுபோய் விடும். ஒவ்வொரு லெக்கும் (இரு வே பாயின்ட்களுக்கு இடைப்பட்ட துண்டு) ரம்ப் லைனா (திசை மாறாமல் போகும் கோடு), கிரேட் சர்க்கிளா (மிகக் குறுகிய வழி) என்ற குறிப்பையும் பாருங்கள். கருவி கிரேட் சர்க்கிளாகக் கணக்கிட்டதை எக்டிஸ் ரம்ப் லைனாக எடுத்துக்கொண்டால், சரிபார்த்த கடலும் கப்பல் போகும் கடலும் வேறுவேறு.

"கருவியே ஆழத்தைப் பார்த்துவிட்டது" என்று எக்டிஸில் பாதையின் அபாயங்களைத் தேடும் ரூட் செக்கை விட்டுவிடுவது அடுத்தது. 2013 செப்டம்பரில் ஓவிட் என்ற டேங்கர் டோவர் நீரிணையில் வார்ன் மணல்திட்டில் தரைதட்டியது. அதில் ஏஐ எதுவும் இல்லை. திட்டமிட்ட பாதையே திட்டின் மேல் போனது. யாரும் ஒழுங்காகச் சரிபார்க்கவில்லை. எக்டிஸ் அமைப்புகள் பொருத்தமாக இல்லை, ஒலி அலாரமும் வேலை செய்யவில்லை. பாதை எங்கிருந்து வந்தாலும், உங்கள் கப்பலின் சேஃப்டி கான்டூர் (பாதுகாப்பான ஆழத்தின் எல்லைக்கோடு), சேஃப்டி டெப்த் (தேவையான குறைந்தபட்ச ஆழம்), எக்ஸ்டிடி (பாதையிலிருந்து விலகக்கூடிய தூர வரம்பு) மதிப்புகளைப் போட்டு ரூட் செக் ஓட்டுங்கள். பிறகு பெரிய அளவு வரைபடத்தில் ஒவ்வொரு லெக்கையும் கண்ணால் தொடருங்கள். நீங்கள் 13 மீட்டர் கான்டூர் கேட்டு வரைபடத்தில் அது இல்லையென்றால், எக்டிஸ் அடுத்த ஆழமான கோட்டை, சில சமயம் 20 மீட்டரை, எடுத்துக்கொள்ளும். அலாரம் கொட்டுகிறது என்று எரிச்சலில் அணைத்துவிடுபவர்கள் உண்டு. அணைக்காமல், போகக்கூடாத பகுதிகளைக் கையால் வரைந்து குறிப்பதே சரி.

ஆழக் கணக்கை மட்டும் கருவியிடம் முழுதாக ஒப்படைக்கவே கூடாது. பல கருவிகள் பழைய ஏஐஎஸ் (கப்பல் தன் இருப்பிடத்தை ஒலிபரப்பும் கருவி) தடங்களிலிருந்து பாதையைக் கற்கின்றன. 7 மீட்டர் டிராஃப்ட் கப்பல் நூறு போன வழியில் 13 மீட்டர் கப்பல் போக முடியாது. ஏஐஎஸ்ஸில் வரும் டிராஃப்டோ கையால் உள்ளிடுவது, பல கப்பல்களில் போன பயணத்தின் எண்ணே கிடக்கும். ஸ்குவாட்டை (ஓடும்போது கப்பல் கூடுதலாக அமிழ்வது) சேர்த்தார்களா என்றும் பாருங்கள். தோராயமாக, திறந்த நீரில் பிளாக் கோ-எஃபிஷன்டை (நீருக்கடியிலுள்ள கப்பல் உடல் எவ்வளவு பெட்டி வடிவம் என்ற விகிதம்) வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும். குறுகிய கால்வாயில் அதன் இரு மடங்கு. கோ-எஃபிஷன்ட் 0.8, வேகம் 12 நாட் என்றால் 1.15 மீட்டர், கால்வாயில் 2.3. வேகத்தை 8 நாட்டாகக் குறைத்தால் கால்வாயிலும் சுமார் 1 மீட்டர்தான். இதற்கு மேல் வரைபடத்தின் தரம். கேட்ஸாக் (வரைபடத் தரவின் நம்பகத்தன்மை வகை) சி பகுதியில் 20 மீட்டர் என்று போட்டிருந்தால், அந்த ஆழத்திலேயே 3 மீட்டர் வரை முன்பின் இருக்கலாம்.

வானிலைப் பாதையில் எரிபொருள் மிச்சத்தையும் அலை உயரத்தையும் மட்டும் பார்த்துப் பச்சைக்கொடி காட்டாதீர்கள். அலைக் காலமும் முக்கியம். அகலம் 32 மீட்டர், ஜிஎம் (நிலைத்தன்மையின் அளவு) 2 மீட்டர் உள்ள கப்பலின் ரோலிங் காலம் (பக்கவாட்டில் ஒருமுறை ஆடி மீளும் நேரம்) சுமார் 18 நொடி. முன்னிருந்தோ பின்னிருந்தோ அலை 9 நொடிக்கு ஒன்றாக வந்தால் பாராமெட்ரிக் ரோலிங் (பக்கவாட்டு ஆட்டம் திடீரெனப் பெருகுவது) அபாயம். ஜிஎம் ஒவ்வொரு சரக்கேற்றத்துக்கும் மாறும். கருவியில் போன பயணத்தின் எண் இருந்தால் அதன் எச்சரிக்கைக்கு மதிப்பில்லை.

கேமரா வைத்த ஏஐ கண்காணிப்பு துணைக்கு மட்டும். கோல்ரெக் (கடலில் மோதல் தவிர்ப்பு விதிகள்) விதி 5 கண்ணாலும் காதாலும் பார்க்கச் சொல்கிறது. ஏஐஎஸ் இல்லாத மரப்படகு மழைத்திரைக்குள் ரேடாரிலும் தெரியாமல் போகும். மோதல் தவிர்ப்புக்கு ஐந்தைந்து பாகையாகத் திரும்பச் சொல்லும் ஆலோசனையையும் ஏற்காதீர்கள். எதிர்க் கப்பலுக்குப் பளிச்சென்று தெரியும்படி திரும்ப வேண்டும் என்பதே விதி 8.

கடைசியாக, பொறுப்பு. சியாமென் துறைமுகத்திலிருந்து வெளியேறும்போது 2011-இல் தரைதட்டிய சிஎம்ஏ சிஜிஎம் லிப்ரா வழக்கில், ஆழம் பற்றிய எச்சரிக்கையைக் குறிக்காத பாசேஜ் பிளான் (பயணத் திட்டம்) குறைபாடு கப்பலையே கடற்பயணத்துக்குத் தகுதியற்றதாக்கும் என்று 2021-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "சாஃப்ட்வேர் சொல்லவில்லை" என்ற பதில் அங்கே எடுபடும் என்று நம்ப இடமில்லை. கருவி தந்த பாதை, நீங்கள் மாற்றிய வே பாயின்ட்கள், மாற்றிய காரணம், ரூட் செக் முடிவு, கேப்டன் கையொப்பம் ஆகிய ஐந்தையும் பாசேஜ் பிளானோடு சேர்த்து வையுங்கள்.