உறைபனியில் உயிர் தேடும்போது சறுக்கும் இடங்கள்

ஜனவரி, பெப்ரவரி விடிகாலைகளில் நுவரெலியாப் பக்கம் உறைபனி விழுந்தால் தேயிலைக் கொழுந்து கருகிப்போகும். அந்தப் பனியில் நுண்ணங்கி இருக்கிறதா என்று பார்க்க எங்கள் உயர்தர உயிரியல் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். நல்ல ஆசை. இலங்கையில் பனியாறு கிடையாது. ஆனால் அந்தாட்டிக்காவில் ஆய்வாளர்கள் பயப்படுகிற அதே விடயத்தில், வெளிக் கிருமி கலந்துவிடுவதில்தான், நாங்களும் சறுக்கினோம்.

ஒரு பையன் பனி பூத்த இலையை விரலால் கிள்ளிப் போத்தலில் போட்டான். இரண்டு நாளில், நுண்ணங்கி வளர்க்கும் கிண்ணத்து வளர்ப்பூடகத்தில் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள். ஒரே சந்தோஷம். அப்புறம் அவன் விரலையே இன்னொரு கிண்ணத்தில் ஒற்றிப் பார்த்தோம்: அதே மஞ்சள், அதே வெள்ளை.

பனியில் உயிர் மிகக் கொஞ்சம், நம் கையில் ஏராளம். அந்தாட்டிக்காவில் பனிக்கு அடியில் கிடக்கும் வொஸ்டொக் ஏரியை நினைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 4 கிலோமீற்றர் பனியைத் துளைத்து 2012இல் ரஷ்யர்கள் அதைத் தொட்டார்கள். துளை மூடிக்கொள்ளாமல் இருக்க ஊற்றியது மண்ணெண்ணெய். கிடைத்த பற்றீரியா ஏரியினுடையதா, எண்ணெயோடு போனதா என்று பெரிய வாதமே நடந்தது. 2013இல் அங்கேயே பனிக்கு அடியிலுள்ள வில்லன்ஸ் ஏரியில் அமெரிக்கக் குழு, வடிகட்டிப் புற ஊதா ஒளியில் சுத்திகரித்த வெந்நீரால் துளைத்தது. 800 மீற்றருக்குக் கீழே ஒரு மில்லிலீற்றர் நீரில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கலங்கள்!

அதனால் இலையைக் கிள்ளாதீர்கள், அதன் மேலுள்ள பற்றீரியாவும் கூடவே வரும். கிருமி நீக்கிய இரண்டு தட்டுகளை இரவில் வெளியே வையுங்கள். ஒன்று திறந்தது, மற்றது மூடியது. மூடியதிலும் ஏதாவது வளர்ந்தால் முடிவை நம்ப வேண்டாம்.

எடுத்த பனியைச் சுடுநீரில் வைத்து உருக்குவதும் தவறு. நீர் உறையும்போது உப்பு வெளியே தள்ளப்பட்டு, பளிங்குகளுக்கிடையே மயிரிழை போன்ற உப்புநீர் வழிகளில் சேரும். உயிர் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். சட்டென்று சூடும் நன்னீரும் பட்டால் பல செத்துவிடும். பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரவு முழுக்க மெதுவாக உருகட்டும். வளர்ப்பதும் 37 பாகையில் வேண்டாம், அது நம் உடம்புச் சூடு. 4 பாகையில் சில வாரம் பொறுத்திருங்கள். வளர்ந்த கிண்ணத்தைத் திறக்காதீர்கள்.

பற்றீரியா பனிக்குள் மாட்டிக்கொண்டது என்று மட்டும் நினைப்பதும் சரியில்லை, பனி உருவாகவே அது உதவலாம். தூய நீர்த்துளி மைனஸ் 38 பாகை வரைகூட உறையாமல் நிற்கும். சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பற்றீரியா இருந்தால் மைனஸ் 2 பாகையளவிலேயே உறைந்துவிடும். எங்கள் கொழுந்தில் அது இருக்கிறதா? அடுத்த ஜனவரியில் பிள்ளைகள் அதைத்தான் தேடப்போகிறார்கள். தட்டுகளை இப்போதே சுற்றிக் கட்டி வைத்துவிட்டார்கள்.