ஏரியைத் தூர்வாரப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை வந்தால் சென்னையை அடுத்த செங்குன்றம், சோழவரம் பக்கத்துச் சிற்றேரிகளில் இளைஞர் குழுக்கள் பொக்லைனோடு இறங்கிவிடுகிறார்கள். பார்க்கச் சந்தோஷம்தான். ஆனால் முன்னே இறங்கியவர்கள் செய்து கெடுத்ததையே மறுபடியும் செய்கிறார்கள். குப்பை கொட்டாதே, பிளாஸ்டிக் எரிக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுவோம்.

ஏரியைக் கிண்ணமாகத் தோண்டுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. ஏரிக்கு அழகே சரிவுதான். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் பக்கம் கணுக்கால் தண்ணீர், கரைப்பக்கம் ஆளுயரம். அதை ஒரே மட்டமாக இறக்கி, ஓரங்களைச் செங்குத்தாகச் செதுக்கி, கொள்ளளவு கூடிவிட்டது என்று பலகை வைக்கிறார்கள். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் வயலுக்கு ஒரு சொட்டும் பாயாது. மீஞ்சூர் பக்கம் இன்னும் மோசம். அங்கே அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் ஏற்கெனவே நிலத்துக்குள் ஏறியிருக்கிறது. ஆழத் தோண்டினால் உப்பைத்தான் தொடுவோம்.

செங்குன்றத்துக்கு மேற்கே ஒரு சிற்றேரி. விளிம்பு முழுக்கக் கோரை, அதற்குள் நாமக்கோழியும் தாழைக்கோழியும். ஒப்பந்தக்காரர் மண்ணுக்கு ஆசைப்பட்டு ஓரம்வரை வழித்தெடுத்துவிட்டார். மழைக்குப் பிறகு தண்ணீர் நிறையவே நின்றது, நீர்க்காகம் மட்டும் மூழ்கி மூழ்கி எழுந்தது. மஞ்சள் மூக்கு நாரையைக் காணோம். அது அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு, துழாவிக்கொண்டே நடக்கும். மீன் பட்டதும் அலகு மூடும், கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை. கால் ஊன்ற இடமில்லாத தண்ணீரில் அது எங்கே நிற்கும்? தண்ணீர் குடிக்க இறங்கிய பசு ஒன்று சறுக்கி விழுந்து, கயிறு கட்டித்தான் இழுத்தோம்.

கோரை போனால் வண்டலைப் பிடித்து நிறுத்தவும் ஆளில்லை. சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரியின் நீர்ப்பிடிப்பில் உள்ள சிற்றேரி வழிந்தால் அந்தத் தண்ணீர் புழலுக்குத்தான், அங்கிருந்து நம் வீட்டுக் குழாய்க்கு.

வரத்துக்கால் பக்கத்தைத் தொடாதீர்கள். ஆழம் வேண்டுமானால் கரையின் அடியிலிருந்து நன்றாகத் தள்ளி, மதகு மட்டம்வரை மட்டும்.

வரத்துக்காலை நடந்து பார்க்காதது

நில அளவைப் புலப்படம் வாங்கிக்கொண்டு கால்வாய் நெடுக நடங்கள். மனைப்பிரிவுச் சாலை குறுக்கே விழுந்திருந்தால், அடியில் குழாய் போட்டிருக்கிறார்களா, அது கால்வாயின் தரைமட்டத்தில் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஒரு சாண் உயர்த்திப் போட்டிருந்தாலே சின்ன மழையின் தண்ணீர் ஏரிக்கு வராது.

ஆகாயத்தாமரையை வாரிக் கரையிலேயே குவிப்பது

அழுகி, மழையில் திரும்ப ஏரிக்கே இறங்கும். அப்புறம், சாக்கடை வந்து விழுந்துகொண்டிருக்கும்வரை அது முளைத்துக்கொண்டேதான் இருக்கும்.

காய்ந்த ஏரியை வெறும் தரை என்று நினைப்பது

கோடையில் ஆள்காட்டிக் குருவி வெறும் மண்ணில்தான் நான்கு முட்டை இடும், மண்ணின் நிறத்திலேயே. தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால் வண்டியை நிறுத்துங்கள். குஞ்சு பொரிக்கும்வரை அந்த மூலையை விட்டு வேறு பக்கம் தோண்டலாம்.

கண்ட மீன் குஞ்சையும் விடுவது

ஆப்பிரிக்கக் கெளுத்தி வேண்டவே வேண்டாம். வளர்க்கவே தடை உள்ள மீன்.