பழைய பீரங்கி ஃபியூஸ்களில் தயாரிப்பாளர் முத்திரையை இனங்காணும் முறை

பீரங்கிக் குண்டை உரிய வேளையில் வெடிக்கச் செய்யும் பொறியான ஃபியூஸ் ஒன்றைக் கையிலெடுத்து அதன் பொறிப்புகளைப் படிக்கத் தொடங்குமுன், அதிலிருந்த வெடிமருந்து முழுவதும் நீக்கப்பட்டுவிட்டதைத் தகுதி பெற்ற வெடிபொருள் வல்லுநர் ஒருவர் உறுதி செய்திருக்க வேண்டும். 'இனெர்ட்' (வெடிமருந்து அற்றது), 'ட்ரில்' (பயிற்சிக்குரியது) என்ற பொறிப்பையோ, நீல வண்ணத்தையோ, பக்கவாட்டுத் துளையையோ மட்டும் நம்பிவிடக் கூடாது. நூறாண்டு கடந்த டெட்டனேட்டரும் (வெடிப்பைத் தொடங்கிவைக்கும் சிறு வெடிகூறும்) கையைப் பறித்துவிடும். மண்ணிலிருந்து கிடைத்த பொருளானால், அதைத் தொடாமல் காவல்துறைக்குத் தெரிவிப்பதே முறை.

பித்தளை உடலைப் பளபளப்பாக்கும் ஆசையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஆழமில்லாத முத்திரைகளை மெருகுப் பசையும் கம்பித் தூரிகையும் அழித்துவிடும். அழிந்த எழுத்து திரும்ப வராது. மென்மையான தூரிகையால் தூசியை நீக்கி, இருண்ட அறையில் ஒரு விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து ஃபியூஸை மெல்லச் சுழற்றினால், நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்துகள் நிழலால் எழுந்து நிற்கும். மெல்லிய தாளைச் சுற்றிப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் படி, வளைந்த பரப்பிலுள்ள வரி முழுவதையும் ஒரே நீளத்தில் காட்டுவதால், பல வேளைகளில் ஒளிப்படத்தைவிட உதவும்.

இனி உண்மையான வேலை: எந்தப் பொறிப்பு எதைச் சொல்கிறது என்று பிரித்தறிவது. ஓர் ஃபியூஸில் மாதிரியின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், ஆண்டு, சோதனை முத்திரை ஆகியவை நெருக்கமாக அமர்ந்திருக்கும். கண்ணில் படும் முதல் எழுத்துகளைத் தயாரிப்பாளர் என்று கொள்வதே மிகப் பரவலான பிழை. முதல் உலகப் போர்க் கால ஜெர்மன் ஃபியூஸில் 'டொப் இசட் 92' என்றிருந்தால், அது நேரத்தாலும் மோதலாலும் இயங்கும் இரட்டை ஃபியூஸின் 1892ஆம் ஆண்டு மாதிரி என்பதே பொருள். அந்தக் குறிப்பிட்ட துண்டு செய்யப்பட்ட ஆண்டு வேறிடத்தில் இருக்கும். பிற்கால ஜெர்மன் நேர ஃபியூஸ்களில் 'எஸ்/30' என்பது ஆண்டே அன்று. கடிகாரப் பொறி ஓடும் 30 நொடிகளைக் குறிப்பது.

பிரிட்டனின் 80ஆம் எண் ஃபியூஸ் இதைவிடச் சுவையான பாடம். அதன் வடிவமைப்பு ஜெர்மனியின் க்ருப் நிறுவனத்திடமிருந்து விக்கர்ஸ் நிறுவனம் உரிமம் பெற்றது; ஆகவே சில துண்டுகளில் 'கே பி இசட் 96/04' என்ற பொறிப்பைக் காணலாம். அது காப்புரிமையின் அடையாளமேயன்றி, க்ருப் தொழிற்சாலையில் செய்யப்பட்டதற்குச் சான்றன்று. இதுபோலவே, அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுடைமையைக் குறிக்கிறது. அது 'சி' எழுத்துக்குள் இருந்தால் கனடா, 'யு' எழுத்துக்குள் இருந்தால் தென்னாப்பிரிக்கா. தயாரிப்பாளரை வேறு எழுத்துகளில் தேட வேண்டும்: 'வி எஸ் எம்' விக்கர்ஸ், சன்ஸ் அண்ட் மேக்சிம், 'ஈ ஓ சி' எல்ஸ்விக் ஆர்ட்னன்ஸ் கம்பெனி, 'ஆர் எல்' வூலிச்சின் ராயல் லேபரட்டரி.

இரண்டாம் உலகப் போர்க் கால ஜெர்மன் பொருள்களில் தொழிற்சாலையின் பெயர் மறைக்கப்பட்டு, பெரும்பாலும் சிறிய எழுத்துக் குறியீடே இடம்பெற்றது. 'பி எம் வி' என்றால் சோமர்டாவிலிருந்த ரைன்மெட்டால்-போர்சிக் ஆலை. அருகே கழுகுடன் எண் இருந்தால் அது ஆயுதத் துறைச் சோதனையாளரின் முத்திரை. அதைத் தயாரிப்பாளருடன் குழப்பக் கூடாது. சோவியத் ஃபியூஸ்களில் ஆலை ஓர் எண்ணாகவே வரும். தொகுதியும் ஆண்டும் உடன் நிற்கும். பிற்கால அமெரிக்கத் தொகுதி எண்ணில் தயாரிப்பாளர் குறியை அடுத்து ஆண்டின் இரு இலக்கங்களும், மாதத்துக்கு ஓர் எழுத்தும் வரும். 'ஐ' எழுத்து விடப்படுவதால் செப்டம்பர் 'ஜே' ஆகிவிடும்.

கடைசியாக, வெடிக்கும் நேரத்தை அமைக்கும் நேர வளையத்தையும் அடிப்பகுதியையும் தனித்தனியே படியுங்கள். இரண்டிலும் வெவ்வேறு தயாரிப்பாளர் குறிகள் இருந்தால், போர்க்காலத்தில் பல ஆலைகளின் பாகங்கள் ஒன்றாகப் பொருத்தப்பட்டிருக்கலாம். பின்னாளில் ஒரு விற்பனையாளர் இரு துண்டுகளை இணைத்திருக்கவும் கூடும். ஆண்டுகள் பல தள்ளிப்போய், உலோகத்தின் நிறமும் தேய்மானமும் பொருந்தாவிட்டால், இரண்டாவது காரணத்தையே நான் ஐயுறுவேன். அத்தகைய துண்டைப் பதிவேட்டில் ஒரே ஆலையின் பெயரில் எழுதாமல், ஒவ்வொரு பாகத்தின் பொறிப்பையும் உள்ளது உள்ளபடி, படிக்க முடியாத எழுத்துக்குப் புள்ளியிட்டுக் குறித்து வையுங்கள்.